போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி.: அறுபது தவணையும் கட்டி முடித்தவர்கள் பார்வையில்

ஆர்.டி. என்பது மாதாமாதம் ஒரே தொகையை ஐந்து ஆண்டு கட்டும் தொடர் வைப்பு; வட்டியை மட்டும் பார்த்து இதில் சேர வேண்டாம். 2023 அக்டோபரிலிருந்து 6.7 சதவீதம், காலாண்டுக்கு ஒருமுறை கூட்டு வட்டி. மாதம் 1,000 ரூபாய் கட்டினால் ஐந்து ஆண்டில் போடுவது 60,000, வருவது சுமார் 71,366. சேரும் நாளில் என்ன வட்டியோ அதுதான் கடைசிவரை. 5.8 சதவீதம் இருந்த 2021-ல் தொடங்கியவர்களுக்கு ஏறக்குறைய 69,700-தான். நடுவில் வட்டி ஏறியது அவர்கள் கணக்கைத் தொடவே இல்லை. இதன் உண்மையான பலம், நினைத்தவுடன் எடுக்க முடியாது என்பதுதான்.

குறைந்தபட்சம் மாதம் 100 ரூபாய், அதற்கு மேல் பத்தின் மடங்கில் எவ்வளவும் போடலாம். ஆனால் ஆரம்பித்த தொகையை நடுவில் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. அதனால் 3,000 ரூபாய்க்கு ஒரே கணக்காகப் போடாமல் ஆயிரம் ஆயிரமாக மூன்று கணக்கு தொடங்குவது நல்லது. கை இறுகும்போது ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்ற இரண்டை ஓட்டலாம். பள்ளிக் கட்டணத்துக்காகச் சேர்ப்பவர்கள் மே மாதம் தொடங்கினால் முதிர்வும் மே மாதமே வரும், ஜூனில் அலைய வேண்டாம்.

தேதிதான் பலரைக் கவிழ்க்கிறது. 15-ஆம் தேதிக்குள் தொடங்கிய கணக்குக்கு ஒவ்வொரு மாதமும் 15-க்குள் கட்ட வேண்டும். 16-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ தொடங்கியதற்கு மாதத்தின் கடைசி வேலை நாள்வரை நேரம் உண்டு. மாதக் கடைசியில் சம்பளம் வாங்குபவர் இரண்டாவது வகையில் சேர்வதே புத்திசாலித்தனம். தவறினால் நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் அபராதம். தொகை சின்னதுதான். ஆனால் நான்கு தவணை தவறினால் கணக்கு நின்றுவிடும், அதன்பின் இரண்டு மாதத்துக்குள் புதுப்பிக்காவிட்டால் அதில் மேற்கொண்டு பணமே போட முடியாது.

ஏஜென்ட் மூலம் கட்டுபவர்கள் கவனிக்க: அவருக்கான கமிஷன் அரசு தருவது, நம்மிடம் தனியாக ஒரு பைசா வாங்கக் கூடாது. மாதத் தவணையைக் குறிக்கும் அட்டையில் அவர் போடும் கையெழுத்து, பணத்தை அவர் வாங்கிக்கொண்டதற்கு மட்டுமே சாட்சி. கணக்கில் ஏறியதற்குச் சாட்சி பாஸ்புக் பதிவு. 15-க்குள் கட்ட வேண்டிய கணக்கில், அவர் 12-ஆம் தேதி வாங்கிய பணம் 17-ஆம் தேதி ஏறியிருந்தால் அபராதம் நம் தலையில்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது பாஸ்புக்கைக் கையில் வாங்கி அட்டையோடு வரிவரியாக ஒத்துப் பாருங்கள். இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் பேங்க் ஆப் வைத்திருந்தால் ஆர்.டி. எண்ணையும் வாடிக்கையாளர் எண்ணையும் கொடுத்து வீட்டிலிருந்தே கட்டலாம். ஏஜென்டும் வேண்டாம், கவுன்டர் வரிசையும் வேண்டாம்.

போனஸ் வந்தால் முன்கூட்டியே கட்டிவிடுங்கள். மாதத் தவணையில் ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும், ஆறு தவணையைச் சேர்த்துக் கட்டினால் மொத்தம் 10 ரூபாய், பன்னிரண்டுக்கு 40 ரூபாய் தள்ளுபடி. ஆயிரம் ரூபாய்க் கணக்கில் ஓராண்டுக்கு 12,000-க்குப் பதில் 11,600 போதும். அதே பணத்தை 4 சதவீத சேமிப்புக் கணக்கில் வைத்து மாதாமாதம் எடுத்துக் கட்டினால் மிஞ்சுவது 220 ரூபாய் அளவுதான். ஆறு மாதத் தள்ளுபடி அத்தனை லாபம் இல்லை.

அவசரத்துக்குப் பணம் வேண்டுமென்றால் கணக்கை முடிக்காதீர்கள். மூன்று ஆண்டுக்கு முன் முடிக்கவும் விடமாட்டார்கள். அதன்பின் முடித்தாலும், முதிர்வுக்கு ஒரு நாள் முன்னால் என்றாலும், சேமிப்புக் கணக்கு வட்டியான 4 சதவீதம்தான். 58-ஆவது மாதம் அவசரப்பட்டால் வட்டி ஏறக்குறைய பாதியாகிவிடும். பன்னிரண்டு தவணை கட்டி ஓராண்டு ஆனதும் இருப்பில் பாதிவரை கடன் கிடைக்கும், ஆர்.டி. வட்டிக்கு மேல் 2 சதவீதம், அதாவது 8.7. நகைக்கடனுக்கு ஓடும் முன் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

ஒரு குறை: கட்டும் தொகைக்கு வருமான வரியில் 80சி சலுகை கிடையாது, வட்டிக்கும் வரி உண்டு.

முதிர்வுத் தொகை பெரிதாக இருந்தால் ரொக்கமாகத் தரமாட்டார்கள். அதே அஞ்சலகத்தில் 500 ரூபாய் போட்டு ஒரு சேமிப்புக் கணக்கை முன்பே தொடங்கி வையுங்கள். ஆதார், பான் நகல், பாஸ்புக், முடிப்புப் படிவம் கொண்டு போனால் அதில் வரவு வைத்துவிடுவார்கள். பாஸ்புக்கில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் இனிஷியல் உட்பட ஒன்றாக இருக்கிறதா என்பதை மட்டும் முதிர்வுக்கு இரண்டு மாதம் முன்பே சரிபார்த்துவிடுங்கள்.