கோலாலம்பூர் விடுமுறையில் ஓட்டம்: பார்க்ரன்னா, ஹேஷ்ஷா?

வாராவாரம் பூங்காவில் கூடி ஓடும் பார்க்ரன், லண்டன் புஷி பூங்காவில் 2004-இல் தொடங்கியது. போட்டு வைத்த தடத்தைத் தேடிக் குழுவாக ஓடும் ஹேஷ் 1938-இல் கோலாலம்பூரிலேயே பிறந்தது. ஊருக்குப் போகிறவர்கள் எதில் சேர்வது?

செலவு: பார்க்ரன் இலவசம். ஹேஷில் விருந்தினர் கட்டணம் உண்டு. பெரும்பாலும் பியருக்கே போகும்.

நாள்: பார்க்ரன் சனி காலை. ஹேஷ் குழுவுக்குக் குழு மாறும், பெரும்பாலும் வேலை நாள் மாலை.

பாதை: பார்க்ரன் அளந்து வைத்த 5 கி.மீ.; நடந்தும் முடிக்கலாம். ஹேஷில் தடம் காட்டும் காகிதத் துண்டுகளைத் தேடிக்கொண்டே காடு, சேறு, ஓடை என்று போக வேண்டும். பொய்த்தடமும் போட்டு வைப்பார்கள். தூரம் முன்கூட்டியே தெரியாது, இருட்டியும் விடலாம். கைவிளக்கும் பழைய காலணியும் அவசியம்.

சேர்வது: பார்க்ரன்னுக்கு ஒரே ஒரு முறை பதிவு. அதில் கிடைக்கும் பார்கோடு எந்த நாட்டிலும் செல்லும். அதை எடுத்துவர மறந்தாலும் ஓடலாம், நேரம் மட்டும் பதிவாகாது. ஹேஷில் ஆண்களுக்கு மட்டும், பெண்களுக்கு மட்டும் என்றும் குழுக்கள் உண்டு, கேட்டுவிட்டுப் போங்கள்.

குழந்தைகளோடு போனால் பார்க்ரன்தான். தனியாகப் போய், குடியும் கும்மாளப் பாட்டும் சகஜம் என்பவருக்கு ஹேஷ். மறுநாள் அதிகாலை விமானம் என்றால் மட்டும் வேண்டாம்.