கதவில் யார் நம்பர்? சொந்த ட்ரக்கோடு கேரியரில் லீஸுக்குச் சேர்வதா, தனி அத்தாரிட்டி எடுப்பதா

அமெரிக்காவில் மாநிலம் விட்டு மாநிலம் வாடகைக்குச் சரக்கு ஏற்றும் ட்ரக்கின் கதவில் ஒரு நிறுவனப் பெயரும் அதன் டாட் நம்பரும் (போக்குவரத்துத் துறை தரும் பதிவு எண்) எழுதியிருக்க வேண்டும். ட்ரக் உங்களுடையது, தவணை கட்டுவதும் நீங்கள்தான். ஆனாலும் அந்த நம்பர் யாருடையதோ அவர்தான் சட்டப்படி சரக்கை ஏற்றிச் செல்பவர். இன்சூரன்ஸ், பாதுகாப்புப் பதிவு, விபத்து வழக்கு எல்லாம் அந்த நம்பரைத்தான் தேடி வரும். ட்ரக் எந்தக் கம்பெனி, எஞ்சின் எது என்று மாதக்கணக்கில் அலசுகிறவர்கள், கதவில் யார் நம்பர் என்பதை ஒரே வாரத்தில் முடிவு செய்துவிடுகிறார்கள். பணம் போவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

வழிகள் மூன்று. சொந்த அத்தாரிட்டி, அதாவது வாடகைக்குச் சரக்கு ஏற்ற அரசு தரும் அனுமதி, எடுத்து நாமே ஒரு கேரியர் (சரக்கு ஏற்றும் நிறுவனம்) ஆகலாம். அல்லது அத்தாரிட்டி உள்ள கேரியரிடம் ட்ரக்கோடு லீஸில் சேர்ந்து, ஒவ்வொரு லோடின் வருமானத்திலும் சதவீதம் வாங்கலாம். அல்லது அதே லீஸில் மைலுக்கு இவ்வளவு என்று வாங்கலாம். கேரியரிடமே ட்ரக்கைத் தவணைக்கு எடுத்து அவர்களுக்கே ஓட்டும் லீஸ்-பர்ச்சேஸ் திட்டத்தை நான்காவதாகச் சொல்வார்கள். அதை இவற்றோடு சேர்த்து வைக்க எனக்கு மனமில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

1980 வரை பெரும்பாலானவர்களுக்கு இந்தத் தேர்வே கிடையாது. மாநிலங்களுக்கிடை வணிக ஆணையம் புதிய அத்தாரிட்டியை லேசில் தராது. பதப்படுத்தாத விளைபொருள் போன்ற சில சரக்குக்கு மட்டும் விலக்கு இருந்தது. மற்ற சரக்கு வேண்டுமென்றால் ஏதாவது ஒரு கேரியரின் பெயரில்தான் ஓட வேண்டும். அந்த ஆண்டு ஜூலையில் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட மோட்டார் கேரியர் சட்டம் கதவைத் திறந்துவிட்டது. இன்று 300 டாலர் கட்டணம், வழக்குத் தாள்களைப் பெற்றுக்கொள்ள ஒரு ஏஜென்ட், இன்சூரன்ஸ் பதிவு, சில வாரக் காத்திருப்பு, அவ்வளவுதான்; அத்தாரிட்டி கைக்கு வந்துவிடும்.

வாங்குவது சுலபம்தான். அதை வைத்துக்கொண்டு முதல் ஓராண்டைக் கடப்பதுதான் கஷ்டம்.

சொந்த அத்தாரிட்டியின் உண்மை விலை

சட்டம் கேட்கும் குறைந்தபட்ச லயபிலிட்டி இன்சூரன்ஸ் (பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கானது) 7,50,000 டாலர். ஆனால் சரக்கை ட்ரக்குக்குப் பிடித்துத் தரும் இடைத்தரகர்களான ப்ரோக்கர்கள் பெரும்பாலும் 10 லட்சம் டாலர் லயபிலிட்டியும் ஒரு லட்சம் டாலர் கார்கோ இன்சூரன்ஸும் இல்லாதவருக்கு லோடு தருவதில்லை. புது அத்தாரிட்டிக்கு இதன் பிரீமியம் ஆண்டுக்கு 15,000 டாலரைத் தாண்டுவது சாதாரணம். மாநிலம், வயது, ஓட்டிய அனுபவம் இவற்றைப் பொறுத்து இன்னும் ஏறும். அதில் ஒரு பகுதியை முன்பணமாகவே கேட்பார்கள்.

அப்புறம் காத்திருப்பு. பல ப்ரோக்கர்கள் 90 நாள், சிலர் ஆறு மாதம் ஆகாத அத்தாரிட்டிக்கு லோடு கொடுப்பதில்லை. ஒருவர் பெயரில் எடுத்த லோடை இன்னொருவருக்கு விற்றுவிட்டு மறையும் மோசடி பெருகியபின் இந்தக் கெடுபிடி இன்னும் கூடிவிட்டது. கிடைக்கும் லோடுக்கும் பணம் வர 30 முதல் 45 நாள் ஆகும். வாரம் 2,500 மைல் ஓடும் ட்ரக், கேலனுக்கு ஆறரை மைல் தந்தால், 385 கேலன் குடிக்கும். டீசல் 4 டாலர் என்றால் வாரம் 1,540. ஆறு வாரத்துக்கு 9,000 டாலருக்கு மேல் டீசலுக்கே போய்விடும், ஒரு பைசா உள்ளே வருமுன். இதனால்தான் புதியவர்கள் பில்லை ஃபாக்டரிங் நிறுவனத்திடம் கொடுத்து, இரண்டு முதல் ஐந்து சதவீதம் இழந்து உடனே பணம் வாங்குகிறார்கள்.

போதைப்பொருள் சோதனைக்கு ஒரு கன்சார்ட்டியத்தில் (சோதனைகளை நடத்தும் கூட்டமைப்பு) சேர வேண்டும், எரிபொருள் வரிக் கணக்கைக் காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்ய வேண்டும், முதல் 12 மாதத்துக்குள் பாதுகாப்புத் தணிக்கை வரும். இவை ஒழுங்காகக் கோப்பு வைப்பவருக்குப் பாரம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காகிதத்தோடு உட்காரப் பிடிக்காதவருக்கு இதுவே தலைவலி.

ஒரு லோடு, மூன்று கணக்கு

எண்கள் நான் மாதிரிக்கு எடுத்தவை. உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். 1,000 மைல் லோடு, அதை எடுக்கப் போக 100 மைல் காலி ஓட்டம். ப்ரோக்கர் தருவது 2,400 டாலர்.

சொந்த அத்தாரிட்டியில் ஃபாக்டரிங் 3 சதவீதம் என்றால் 72 போகும். இன்சூரன்ஸ் ஆண்டுக்கு 18,000, ஓட்டம் 1,00,000 மைல் என்றால் மைலுக்கு 18 சென்ட். 1,100 மைலுக்கு 198. சொந்த டிரெய்லரின் தவணை, டயர், பராமரிப்பு எல்லாம் சேர்த்து மைலுக்கு 10 சென்ட், 110. மிச்சம் 2,020. ட்ரக்கின் சொந்தச் செலவும் டீசலும் எந்த வழியிலும் உண்டு என்பதால் அதைத் தொடவில்லை.

இதே லோடு 75 சதவீத லீஸில், கேரியரின் டிரெய்லரில் என்றால் 1,800. லோடு இல்லாதபோது ஓட்டுவதற்கான இன்சூரன்ஸ் போன்றவை உங்கள் பொறுப்பு. மைலுக்கு 3 சென்ட் வைத்தால் 33 போகும். கேரியரின் டீசல் கார்டில் கேலனுக்கு 40 சென்ட் கூடுதல் தள்ளுபடி கிடைத்தால் 169 கேலனுக்கு 68 திரும்பி வரும். ஆக 1,835. அத்தாரிட்டியில் ஓடியதைவிட 185 டாலர் குறைவு.

பலர் கணக்கை இங்கேயே முடித்துவிட்டு அத்தாரிட்டிக்கு விண்ணப்பிக்கிறார்கள். அடுத்த வரியையும் எழுதிப் பார்க்க வேண்டும். அந்தக் கேரியர் ப்ரோக்கர் இல்லாமல் நேரடியாக ஷிப்பரிடம், அதாவது சரக்கை அனுப்புகிறவரிடம், சரக்கு எடுத்தால், நடுவில் போகும் கமிஷன் மிஞ்சும். அதே லோடு 2,700க்கு வருகிறது என்று வையுங்கள். 75 சதவீதம் 2,025. மேலே சொன்ன கூட்டல் கழித்தல் போக 2,060. ஒற்றை ட்ரக்காரரின் 2,020ஐ விட அதிகம், அதுவும் இரண்டு வாரத்தில் கையில்.

ஆகவே லீஸ் பேசும்போது எத்தனை சதவீதம் என்று கேட்பதற்கு முன் எதில் சதவீதம் என்று கேட்க வேண்டும். கேரியரின் சரக்கில் எவ்வளவு நேரடி ஷிப்பர்களுடையது? அவர்களும் நம்மைப் போல, ப்ரோக்கர்கள் லோடுகளைப் பட்டியலிடும் லோடு போர்டில்தான் எடுக்கிறார்களா? எடுத்தால், நாமே எடுக்கக்கூடிய லோடுக்கு 25 சதவீதம் கொடுக்கிறோம். இன்னும் மோசமான ஒன்று உண்டு. கேரியரின் சொந்த ப்ரோக்கரேஜ் பிரிவு லோடை எடுத்து, தன் பங்கை முதலில் கழித்துவிட்டு, மீதியைத்தான் உங்கள் கணக்கில் மொத்த வருமானம் என்று காட்டும். காகிதத்தில் 80 சதவீதம், கையில் 65 என்று ஆவது இப்படித்தான். டீசல் விலைக்காக ஷிப்பர் தரும் கூடுதல் கட்டணம் முழுதும் ட்ரக்குக்கு வருகிறதா, அதிலும் பங்கு பிடிக்கிறார்களா என்பதும் இதே வகைக் கேள்வி.

லீஸ் ஒப்பந்தத்தில் உங்கள் பக்கம் இருக்கும் சட்டம்

இதை எத்தனை பேர் படித்திருப்பார்கள் என்று நினைத்தாலே எனக்கு வருத்தமாக இருக்கும். கூட்டாட்சி விதித் தொகுப்பு 49இன் 376ஆம் பகுதி, சொந்த ட்ரக்கை லீஸில் விடுகிறவரைப் பாதுகாக்கவே எழுதப்பட்டது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். டெலிவரித் தாள்களைக் கொடுத்த 15 நாளுக்குள் பணம் வர வேண்டும். சதவீதக் கணக்கு என்றால், லோடின் கட்டணம் தெரியும் ஃப்ரெயிட் பில்லின் நகலை உங்களுக்குத் தர வேண்டும்; ஷிப்பர் பெயரை மறைக்கலாம், தொகையை மறைக்கக் கூடாது. செட்டில்மென்ட்டில் (உங்களுக்குத் தரும் பணக் கணக்கில்) எதைப் பிடிப்பார்கள், எப்படிக் கணக்கிடுவார்கள் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். லீஸில் சேர வேண்டுமென்றால் எங்களிடம்தான் டயர் வாங்க வேண்டும், இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது. எஸ்க்ரோவாக, அதாவது உத்தரவாதமாக, பிடித்து வைக்கும் பணத்துக்கு வட்டி உண்டு. லீஸ் முடிந்த 45 நாளுக்குள், முறையான கழிவுகள் போக, அது திரும்ப வர வேண்டும். மீறினால் ட்ரக்காரரே நீதிமன்றம் போகலாம்.

2019 ஜனவரியில் நியூ பிரைம் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பும் இதற்கு உதவுகிறது. கூட்டாட்சி நடுவர் சட்டத்தைக் காட்டித் தகராறை நடுவரிடம்தான் கொண்டுபோக வேண்டும் என்று மாநிலங்களுக்கிடை ஓட்டுநர்களைக் கட்டாயப்படுத்த முடியாது. 'சுயதொழில் ஒப்பந்ததாரர்' என்று எழுதியிருந்தாலும் அவர்களுக்கு விலக்கு உண்டு என்றது நீதிமன்றம்.

சொந்த அத்தாரிட்டியில் இந்த அளவு காப்பு இல்லை. ஷிப்பர் ப்ரோக்கருக்கு எவ்வளவு கொடுத்தார் என்று பார்க்கும் உரிமை விதியில் இருக்கிறது. ஆனால் அந்த உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்ற வரியை ப்ரோக்கர்கள் தங்கள் ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுகிறார்கள். ப்ரோக்கர் பணம் தராமல் ஓடிப்போனால் அவர் கட்டியிருக்கும் 75,000 டாலர் ஜாமீன் பாண்ட் இருக்கிறது. ஏமாந்தவர்கள் ஏராளமாக இருந்தால் அதையே எல்லோரும் பங்கு போட வேண்டியிருக்கும்.

மைல் கணக்கு

மைலுக்கு இவ்வளவு என்பது சந்தை விழும்போது நல்லது, ஏறும்போது கெட்டது. 2021இல் ஸ்பாட் கட்டணம் (அன்றன்றைய சந்தை விலை) உச்சத்தில் இருந்தபோது மைல் கணக்கில் இருந்தவர்கள் கையைப் பிசைந்தார்கள். 2022, 2023இல் கட்டணம் சரிந்து புது அத்தாரிட்டிகள் வரிசையாக மூடப்பட்டபோது அவர்களுக்கு வாரச் சம்பளம் நிலையாக வந்தது. இதில் பார்க்க வேண்டியது எந்த மைல் என்பதுதான். சில கேரியர்கள் கணக்கிடுவது ட்ரக் உண்மையில் ஓடும் சாலையை அல்ல. இரு ஊருக்கும் நடுவே உள்ள மிகக் குறுகிய வழியை. காலி மைலுக்குக் காசு உண்டா என்பதும் ஒப்பந்தத்தில் தெரிய வேண்டும். லோடைப் பேரம் பேசுவதில் ஆர்வமில்லாமல், மாதா மாதம் இவ்வளவு வந்தால் போதும் என்பவருக்கு இது பொருந்தும்.

லீஸ்-பர்ச்சேஸை ஏன் சேர்க்கவில்லை என்றால், அதில் ட்ரக்கும் அவர்களுடையது, லோடும் அவர்களுடையது. வாரத் தவணைக்குப் போதாத லோடு வந்தால் கடன் ஏறும். விட்டு விலகினால் கட்டியதெல்லாம் போகும். 2021 உள்கட்டமைப்புச் சட்டத்தின்படி அமைத்த ட்ரக் லீஸ் பணிக்குழு, 2025 ஜனவரியில் இந்தத் திட்டங்களைத் தடை செய்ய வேண்டும் என்றே பரிந்துரைத்தது. நானும் அதையே சொல்வேன். இதில் குடும்பத்தின் சேமிப்பை வைக்காதீர்கள்.

கேரியர் பெரியது என்பதாலேயே லீஸ் பத்திரமாகிவிடாது. இண்டியானாபொலிஸின் செலடான் 2019 டிசம்பரில் ஒரே நாளில் திவால் மனு போட்டு நின்றபோது, வழியில் இருந்த ஓட்டுநர்கள் டீசல் கார்டு வேலை செய்யாமல் தவித்தார்கள். சிறிய கேரியர் என்றால் அதன் பாதுகாப்புப் பதிவைப் பாருங்கள். மதிப்பெண் மோசமான நம்பரைக் கதவில் ஒட்டிக்கொண்டால், நீங்கள் எவ்வளவு ஒழுங்காக ஓட்டினாலும் எடை நிலையத்தில் அடிக்கடி உள்ளே கூப்பிடுவார்கள். ஒவ்வொரு சோதனையும் ஓட்டும் நேரத்தில் கழியும். கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு தடை: யார் ஊழியர், யார் சுயதொழில் ஒப்பந்ததாரர் என்பதை வகுக்கும் ஏபி5 என்ற அந்த மாநிலச் சட்டம் ட்ரக் தொழிலில் அமலாகாமல் நிறுத்தி வைத்திருந்த தடையாணை, 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்ததோடு முடிவுக்கு வந்தது. அந்தச் சட்டப்படி கேரியரின் தொழிலும் உங்கள் தொழிலும் ஒன்றே என்றால் உங்களை ஊழியராகவே கருத வேண்டும் என்பதால் அங்கே லீஸ் முறை ஆட்டம் கண்டுவிட்டது. அடுத்த மாதமே ஓக்லண்ட் துறைமுகத்தை ட்ரக்காரர்கள் மறித்தார்கள். அந்த மாநிலத்தில் சொந்த அத்தாரிட்டிதான் பலருக்கு மிஞ்சிய வழி.

மற்ற இடங்களில் முதல் ட்ரக் வாங்குகிறவருக்கு என் பரிந்துரை சதவீத லீஸ். ஃப்ரெயிட் பில்லைக் காட்டும், லோடை மறுத்தால் தண்டிக்காத கேரியராக இருக்க வேண்டும். ஜாக்சன்வில்லின் லேண்ட்ஸ்டார் இந்த வகையில் பெயர் பெற்றது: தனி ஏஜென்ட்டுகள் சரக்கு கொண்டுவருகிறார்கள், ட்ரக்காரர் தனக்கு வேண்டிய லோடைத் தானே தேர்ந்தெடுக்கிறார். இந்த அமைப்பில் ஓராண்டு ஓடினால் எந்தப் பாதைக்கு என்ன கட்டணம், எந்த மாதம் எங்கே சரக்கு வறளும் என்பது பிடிபட்டுவிடும்.

அத்தாரிட்டிக்கு மாற இரண்டு விஷயம் கையில் இருக்க வேண்டும் என்பேன். இன்சூரன்ஸ் முன்பணமும் ஆறு வார டீசலும் மூன்று மாத ட்ரக் தவணையும் சேர்ந்த ரொக்கம்; என் மதிப்பில் அது 20,000 டாலர் பக்கம் வரும், எஞ்சின் பழுதுக்கு ஒதுக்கியது தனி. மற்றொன்று, வாரம் ஒரு லோடாவது நேரடியாகத் தரும் ஒரு ஷிப்பர். ரொக்கம் மட்டும் இருந்தால் ப்ரோக்கர்களின் தயவில் ஓட வேண்டிவரும். ஷிப்பர் மட்டும் இருந்தால் அவர் பணம் தரும் 45ஆம் நாளுக்குள் நீங்கள் படுத்துவிடுவீர்கள்.

லீஸிலிருந்து விலகும்போது ஒப்பந்தம் சொல்லும் முன்னறிவிப்பை எழுத்தில் கொடுத்து, அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். ட்ரெயிலரைத் திருப்பிக் கொடுக்கும் அன்று நான்கு பக்கமும், டயர்களையும் படம் எடுங்கள், பொறுப்பாளர் கையெழுத்தோடு ரசீது வாங்குங்கள். கதவில் இருக்கும் அவர்களின் பெயரையும் நம்பரையும் அகற்றியதற்கும் படம் வேண்டும். எஸ்க்ரோவைத் திருப்பித் தரத் தட்டிக்கழிக்கிறவர்கள் முதலில் காட்டும் காரணங்கள் இவைதான். 45 நாள் கணக்கு லீஸ் முடிந்த தேதியிலிருந்து ஓடும், அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.