பெடல் கயாக்கும் அந்த நான்கு ஸ்குரூவும்: மதர்ஷிப் பயணங்களில் சில வருட அனுபவம்

என் பெடல் கயாக், அதாவது காலால் மிதித்து ஓட்டும் சின்ன மீன்பிடிப் படகு, போன வாரம்தான் ரிப்பேர் முடிந்து கைக்கு வந்தது. வந்த அன்றே, அடுத்த பயணத்தில் புதிதாகச் சேரப்போகும் நண்பன் கூப்பிட்டு, "நீ வச்சிருக்கிற அதே மாடலை வாங்கலாமாடா, இப்ப விலை குறைச்சிருக்காங்க" என்று கேட்டான். போனில் பேசினால் கோபத்தில் நல்ல விஷயங்கள் எல்லாம் விட்டுப்போகும் என்று தோன்றியதால் எழுதிவிடுகிறேன். பிராண்ட் பெயர் வேண்டாம். நான்கு மீட்டர் நீளம், மேலே உட்காரும் வகை, புரொப்பெல்லர் பெடல், எல்லாம் மாட்டித் தூக்கினால் அறுபது கிலோவைத் தாண்டும். இந்த வகைக் கயாக்கை ஒருமுறையாவது தூக்கிப் பார்த்தவர்களுக்கு மீதி விவரம் தேவைப்படாது.

கரையிலிருந்து கிளம்பும் கயாக் மீன்பிடிப்பில் பாதி மூளை திரும்பி வருவதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கும். காற்று கூடுமா, நீரோட்டம் மாறுமா, உடைந்து வரும் அலையில் எப்படிக் கரையேறுவது என்று. மதர்ஷிப்பில், அதாவது கயாக்குகளையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு போகும் பெரிய படகில், அந்தக் கணக்கு இல்லை. பெரிய படகு இரவெல்லாம் ஓடி, கரையே தெரியாத ஒரு பாறைத்திட்டுக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். விடியும்போது ஒவ்வொரு கயாக்காக இறக்குவார்கள். காற்றும் நீரோட்டமும் எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கமே போய்க்கொண்டு மீன் பிடிக்கலாம், களைத்துப்போனால் ரேடியோவில் சொன்னால் போதும், நாம் தள்ளப்பட்டுப் போகும் திசையில் படகு முன்னால் வந்து காத்திருந்து ஏற்றிக்கொள்ளும். எதிர்க்காற்றில் துடுப்புப் போட்டுத் திரும்ப வேண்டிய பயம் போய்விட்டால் மனிதன் வேறு மாதிரி மீன் பிடிக்கிறான். இதை அனுபவித்தவர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

அந்த மாதிரி மீன்பிடிப்புக்கு இந்தக் கயாக் பிரமாதமானது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்ல மனசு வராது.

பெடலில் கை இரண்டும் சும்மா இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் எதிர்பார்க்காத சுகம் ரிவர்ஸ். 1997-ல் ஹோபி கம்பெனி கொண்டுவந்த, அடியில் இரண்டு தகடுகள் மீன் துடுப்பு மாதிரி அசையும் பெடலில் ஆரம்பத்தில் பின்னால் போகும் வசதி கிடையாது. புரொப்பெல்லர் வகையில் பின்னால் மிதித்தாலே பின்னால் போகும். கேட்கும்போது சின்ன விஷயம், ஆனால் பாறைக்கு நேர் மேலே நின்று ஜிக் (கனமான உலோகப் போலி இரை) இறக்கியிருக்கும்போது கலவா மீன் அடித்தால் அதற்கு வேண்டியது ஒன்றே ஒன்று, பொந்துக்குள் திரும்பிப் போவது. முதல் சில விநாடிகளில் அதைப் பாறையிலிருந்து நகர்த்தாவிட்டால் லீடர் (தூண்டில் நுனியில் கட்டும் தடித்த நரம்பு) அறுந்து போய்விடும். ராடை (தூண்டில் கம்பை) இறுக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் நான்கு மிதி மிதித்தால் கயாக்கே மீனை இழுத்து வெளியே கொண்டுவருகிறது. இழுக்கும் வேலையில் பாதியை இடுப்பும் கையும் செய்ய வேண்டியதில்லை, கால் செய்துவிடும். துடுப்புக் கயாக்கில் இருந்தவரை நான் இழந்த பெரிய கலவாக்களில் பாதியை இதில் ஏற்றியிருப்பேன் என்று இன்றைக்கும் நம்புகிறேன். மேலே தண்ணீர் மட்டத்தில் பாரை மீன் கூட்டம் வெடிக்கும்போதும் அப்படித்தான். கூட்டத்தைத் துரத்திக்கொண்டே எறியலாம், துடுப்பை வைப்பதா ராடை எடுப்பதா என்று தடுமாற வேண்டியதில்லை.

சீட் நன்றாக இருக்கிறது. நாள் முழுக்க உட்கார்ந்தாலும் இடுப்பு பிடிப்பதில்லை. எழுந்து நின்று எறியவும் முடிகிறது, அவ்வளவு அகலம். ராடு ஹோல்டர்கள் போதும். சுக்கான் கயிறு ஒருமுறை அறுந்தது, அது எந்தக் கயாக்கிலும் அறுவதுதான்.

சரி, இப்போது அந்த நான்கு ஸ்குரூ.

பெடல் யூனிட் உட்காருவதற்கு ஹல்லின் (கயாக்கின் உள்ளே வெற்றிடமான பிளாஸ்டிக் உடலின்) நடுவில் ஒரு கிணறு மாதிரி துவாரம் இருக்கும். அதன் விளிம்பில் ஒரு அலுமினிய பிராக்கெட். அந்த பிராக்கெட்டை நான்கு ஸ்டெயின்லெஸ் ஸ்குரூ போட்டு நேராக பிளாஸ்டிக்கில் முறுக்கியிருக்கிறார்கள். போல்ட் இல்லை, அடியில் நட் இல்லை, வாஷர் பிளேட் இல்லை. பாலிஎத்திலீன் மாதிரி மெத்தென்ற பிளாஸ்டிக்கில் ஸ்குரூ எவ்வளவு நாள் பிடித்துக்கொண்டிருக்கும்? நாம் மிதிக்கும் ஒவ்வொரு மிதியின் விசையும் அந்த நான்கு இடத்தில்தான் போய் விழுகிறது. அந்த இடம் எப்போதும் ஈரம், ஆள் ஏறி உட்கார்ந்து பெட்டியும் மீனும் ஏற்றினால் கிணற்றுத் தண்ணீர் ஸ்குரூ தலை வரை அலம்பிக்கொண்டே இருக்கும். ஆக ஸ்குரூ தளர்ந்தால் தண்ணீர் நேராக ஹல்லுக்குள்.

இது ஒருநாள் பயணங்களில் எனக்குத் தெரியவே இல்லை. மதர்ஷிப் பயணத்தில்தான் தெரிந்தது, அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. மத்தியானத்துக்கு மேல் கயாக் மந்தமாகத் திரும்பும், பக்கவாட்டு அலையில் சாய்ந்தால் நிமிர யோசிக்கும். உள்ளே இருபது லிட்டர் தண்ணீர் என்றால் இருபது கிலோதான், அந்தக் கனம் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் பெட்டியில் கட்டி வைத்த இருபது கிலோ வேறு, உள்ளே ஓடித் திரியும் இருபது கிலோ வேறு. எந்தப் பக்கம் சாய்கிறோமோ அந்தப் பக்கமே தண்ணீரும் ஓடிவந்து இன்னும் சாய்க்கும். பெரிய மீனைப் பக்கவாட்டில் ஏற்றும் நேரத்தில் இது நடந்தால் ஆபத்து, சாதாரண எரிச்சல் என்று சொல்லி விட்டுவிட முடியாது.

வீட்டில் வைத்துச் சோதித்தால் ஒன்றும் தெரியாது, அதுதான் என்னை அதிகம் படுத்தியது. ஏன் மதர்ஷிப்பில் மட்டும் இவ்வளவு தண்ணீர் என்று எங்கள் கூட்டத்தில் இன்ஜினியராக இருக்கும் நண்பன்தான் விளக்கினான். கயாக்குகள் மேல்தளத்தில் பட்டை போட்டுக் கட்டியபடி வெயிலில் கிடக்கின்றன, எல்லா மூடியும் இறுக்கமாக மூடியபடி. ஹல்லுக்குள் இருக்கும் காற்று சூடாகி, விரிந்து, எங்கே சந்து கிடைக்கிறதோ அங்கே வெளியேறிவிடும். பிறகு அந்தச் சூடான ஹல்லைக் குளிர்ந்த கடலில் இறக்கினால் காற்று சுருங்கும், வெளியிலிருந்து இழுக்கும். 50 டிகிரியிலிருந்து 28 டிகிரிக்கு வந்தால் காற்றின் கன அளவு ஏறக்குறைய 7 சதவீதம் குறையும். உள்ளே 400 லிட்டர் காற்று என்று வைத்தால் 27 லிட்டர். அத்தனையும் தண்ணீராக வராது, ஹல் கொஞ்சம் உள்ளே அமுங்கும், ஹேட்ச் (மேலே திறந்து மூடும் மூடி) ரப்பர் வழியாகக் காற்றும் நுழையும். ஆனால் சந்து தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரைத்தான் உறிஞ்சும். இதனால்தான் காலையில் இறங்கும்போது பிரச்சினை குறைவு, மத்தியானம் வெயிலில் கிடந்த கயாக்கை மறுபடி இறக்கும்போது அதிகம். இதைக் குறைக்கும் வழி எளிது. தளத்தில் இருக்கும் நேரமெல்லாம் ஹேட்ச்சைத் திறந்து வைத்து உள்ளே சூடு தேங்காமல் பார்த்துக்கொள்வது, இறக்குவதற்கு முன் மூடுவது. யார் கயாக்காக இருந்தாலும், கசிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், இதைச் செய்யுங்கள். ட்ரெயின் பிளக்கை (உள்ளே சேரும் தண்ணீரை வடிக்கும் ஓட்டையின் அடைப்பானை) மட்டும் இதற்காகக் கழற்றாதீர்கள். அவசரத்தில் மூடாமல் இறக்கினால் கதை வேறு.

கம்பெனிக்கு எழுதினேன். ஹல்லுக்கு வாரண்டி உண்டாம், அதில் மாட்டிய உலோகப் பாகங்களுக்குக் கிடையாதாம், ஸ்குரூ ஓட்டை தளர்ந்தது இரண்டாவது வகையாம். ஓட்டை இருப்பது ஹல்லில்தானே என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. சிலிக்கான் பூசிக்கொள்ளச் சொன்னார்கள். பாலிஎத்திலீனில் சிலிக்கான் ஒட்டாது. ஒட்டுகிற மாதிரி தெரியும், காய்ந்ததும் நகத்தால் உரித்துவிடலாம். கயாக் செய்து விற்கிறவர்களுக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை, அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம்.

போன பயணத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். சாயங்காலம், அலை கொஞ்சம் ஏறியிருந்தது. மதர்ஷிப்புக்குத் திரும்புவதற்கு ஒரு முறை உண்டு. காற்று மறைவான பக்கமாக வர வேண்டும், இன்ஜின் நியூட்ரலில் இருப்பதைக் கேட்டு உறுதி செய்யாமல் பின்பக்கம் போகவே கூடாது, பின்தளம் அலையில் ஏறி இறங்கும்போது அதற்கு அடியில் மாட்டிக்கொள்ளாமல் பக்கவாட்டில் நிற்க வேண்டும். ராடுகள் முதலில், பிறகு பெடல் யூனிட், பிறகு மீன், பிறகு ஆள், கடைசியில்தான் கயாக். பெடலை முன்கூட்டியே தூக்காவிட்டால் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் புரொப்பெல்லர் எதிலாவது இடிக்கும். எல்லாம் ஒழுங்காக நடந்தது. இரண்டு பட்டையில் மாட்டி கயாக்கைத் தூக்கும்போது உள்ளே இருந்த தண்ணீர் மொத்தமும் முன்பக்கம் ஓடியது, பின்பட்டை நழுவியது, கயாக் மூக்கு கீழாகத் தொங்கியது. கீழே கை கொடுத்துக்கொண்டிருந்த நண்பனின் தோளுக்கு ஒரு அடிகூட இடைவெளி இருக்கவில்லை. தண்ணீர் கலந்த நூறு கிலோ தலைக்கு மேல் ஆடினால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குப் படகில் இருந்த எல்லோரும் பார்த்தோம். பணியாளர்கள் கெட்டிக்காரர்கள், கயிற்றைப் பிடித்து இறக்கிவிட்டார்கள். அந்த இரவு யாரும் மீன் கதை பேசவில்லை.

அதற்குப் பிறகுதான் முழு ரிப்பேர். கசிவு எங்கே என்று கண்டுபிடிக்கும் வழி: ட்ரெயின் ஓட்டை வழியாக மெதுவாகக் காற்றை ஊதி, சந்தேகப்படும் இடத்தில் சோப்புத் தண்ணீர் தடவுவது. கம்ப்ரசர் வேண்டாம், ஹல் பிதுங்கிவிடும். சும்மா வைத்து ஊதியபோது ஒரு குமிழிகூட வரவில்லை. ஒருவர் பெடலைப் பலமாக மிதிக்க, இன்னொருவர் பக்கத்தில் குனிந்து பார்த்தபோது முன்னால் இருந்த இரண்டு ஸ்குரூவிலும் நுரை பொங்கியது. கழற்றப் போனால் ஒன்று தலை முறிந்தது. அலுமினியமும் ஸ்டெயின்லெஸ்ஸும் உப்புத் தண்ணீரில் சேர்ந்திருந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகி ஸ்குரூவைக் கடித்துக்கொள்ளும், இரண்டுக்கும் நடுவே ஒரு கிரீஸ் தடவியிருந்தால் தவிர்த்திருக்கலாம். தொழிற்சாலையில் தடவவில்லை. மதர்ஷிப்பில் நல்ல தண்ணீர் அளந்துதான் கிடைக்கும், தினமும் கழுவ முடியாது, உப்பு நாட்கணக்கில் அப்படியே கிடக்கும். கடலுக்கென்று விற்கிற பொருளில் இதையாவது யோசித்திருக்க வேண்டும்.

கடைசியில் ஹல்லின் மேல் ஒரு சின்ன ஹேட்ச் வெட்டி, உள்ளே கைவிட்டு, ஸ்குரூக்களுக்குப் பதில் போல்ட், அடியில் அகலமான பிளேட், நடுவில் பியூட்டைல் டேப் (மெத்தென்ற ரப்பர் நாடா). பியூட்டைல் ஒட்டிப் பிடிக்க வேண்டியதில்லை, அழுத்தத்தில் நசுங்கி அடைத்துக்கொள்ளும், அதனால் இந்த பிளாஸ்டிக்குக்கு அதுதான் சரி. இப்போது ஒரு சொட்டு இல்லை. ரிப்பேர் செய்தவர் அரை நாளில் முடித்த வேலை இது. தொழிற்சாலையில் ஒரு பிளேட்டும் நான்கு நட்டும் சேர்த்திருந்தால் போதும்.

நியாயமாகச் சொன்னால், ஹல் இன்றும் அப்படியே இருக்கிறது. தளத்தில் கட்டிக் கட்டி அடியில் விழுந்த பள்ளங்கள் வெயில் பட்டதும் தானாகவே நிமிர்ந்துவிட்டன. பெடல் கியரில் இதுவரை ஒரு குறையும் இல்லை. எங்கள் கூட்டத்தில் வேறு பெடல் கயாக் வைத்திருப்பவர்களுக்கும் அவரவர் தலைவலி உண்டு. ஒருவன் மட்டும் முப்பது கிலோ துடுப்புக் கயாக்கோடு வருகிறான். தினமும் முதலில் தண்ணீரில் இறங்குகிறவன் அவன்தான், ஒற்றை ஆளாகத் தூக்கி வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறான். அவன் பிடிக்கும் மீனும் குறைவில்லை.

இத்தனை நல்லதும் சொன்ன பிறகு நண்பனுக்கு என் பதில்: வாங்காதே. விலை குறைத்திருந்தாலும் வாங்காதே. என்னுடையதை நான் விற்கப்போவதில்லை, அடுத்த பயணத்துக்கும் இதுதான் வருகிறது, அந்த ரிவர்ஸை விட எனக்கு மனசில்லை. ஆனால் ஒரு ஆளின் தலைக்கு மேல் அது தொங்கியதைப் பார்த்த பிறகு இன்னொருவரை வாங்கச் சொல்ல என்னால் முடியாது. முதல் பயணத்துக்கு மதர்ஷிப்பிலேயே இருக்கும் கயாக்கை எடுத்துக்கொள், சில படகுகளில் வைத்திருப்பார்கள். கைரேடியோவும் உயரமான கம்பத்தில் ஒரு கொடியும் மட்டும் சொந்தமாக வாங்கு. உட்கார்ந்த நிலையில் கண் உயரத்துக்கு அடிவானமே 3.5 கிலோமீட்டர் கூடக் கிடையாது, அலைக்கு நடுவில் பக்கத்துக் கயாக் அதற்கு வெகு முன்பே மறைந்துவிடும்.

நான் சொல்லியும் வாங்கத்தான் போகிறாய் என்றால், கடலில் இறக்குவதற்கு முன்பே அந்த நான்கு ஸ்குரூவையும் கழற்றிவிட்டு, போல்ட்டும் பிளேட்டும் போட்டுக்கொள். எந்த அளவு என்று கேட்டால் அனுப்புகிறேன்.