சல்பைட்டா, கோபால்ட் மேலோடா: நம் கடலுக்கு எது?

கொழும்பில் கடலடி உலோகம் என்றாலே இந்தியப் பெருங்கடலிலுள்ள அஃபனாசி நிகிதின் கடல்மலைதான் பேச்சு. அதன் பாறைமேல் ஓடாகப் படிந்த கோபால்ட் மேலோட்டை ஆராய 2024 ஜனவரியில் இந்தியா சர்வதேசக் கடற்படுகை அதிகாரசபையிடம் விண்ணப்பித்தது. 2009இல் நாம் ஐ.நா.விடம் கோரிய கண்டமேடைக்குள்ளும், அதாவது கரையிலிருந்து நீளும் கடலடி உரிமைப் பகுதிக்குள்ளும், அந்தக் கடல்மலை வருகிறது. செய்திகளோ எல்லாப் படிவுகளையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகின்றன. அவை உருவான நீரின் இரசாயனமே வேறு.

முதலில் சல்பைட், அதாவது கந்தகத்தோடு சேர்ந்த உலோகப் படிவு. கடலடித் தட்டுகள் விலகும் நடுக்கடல் முகடுகளில் பாறைக்குள் இறங்கும் கடல்நீர் 350 பாகை செல்சியஸ் வரை சூடேறி, செப்பையும் நாகத்தையும் கரைத்துக்கொண்டு பீறிடும். குளிர்நீர் பட்டதும் கரும்புகை போலப் படியும். இதற்கு ஒட்சிசன் ஆகாது. வண்டலோ எரிமலைக்குழம்போ மூடாவிட்டால், இன்றைய ஆழ்கடலில் அது மெல்ல மெல்லத் துருவாகிப்போகும். சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முந்திய கடலில் அந்தத் தொல்லை இல்லை. ஒட்சிசனற்ற ஆழத்தில் இரும்புகூடக் கரைந்தே கிடந்தது. மேற்கு அவுஸ்திரேலியாவின் ஹமர்ஸ்லி இரும்புப்பாறைகள் அந்தக் கடலிலிருந்து படிந்தவைதான். கனடாவின் கிட் கிரீக் சுரங்கத்தில் தோண்டியதும் சுமார் 270 கோடி ஆண்டுப் பழைய கடலடிச் சல்பைட்தான்.

கோபால்ட் மேலோடு நேர்மாறு: ஒட்சிசன் இல்லாமல் அது இல்லவே இல்லை. ஒட்சிசன் குறைந்த நீர்ப்படையில் மங்கனீசு கரைந்தே நிற்கும். கடல்மலைச் சரிவில் ஒட்சிசன் மிகுந்த நீரோடு கலக்கும்போது ஒட்சைட்டாகி வெறும் பாறையில் ஒட்டும். அதன் எதிரேற்ற மேற்பரப்பு நேரேற்றக் கோபால்ட் அயனை இழுத்து, +2 நிலையிலிருந்து +3 நிலைக்கு ஒட்சியேற்றிப் பிடித்துவைக்கும். உயர்தரத்தில் இரசாயனவியல் படித்தவர்களுக்கு இது பழகிய விஷயம். வேகம்தான் நம்பமுடியாதது: பத்து இலட்சம் ஆண்டுக்குச் சில மில்லிமீற்றர். பத்து சென்ரிமீற்றர் ஓடென்றால் கோடிக்கணக்கான ஆண்டுகளின் கடல்நீர் அதில் பதிந்திருக்கிறது.

மங்கனீசு உருண்டைகளும் இதே குடும்பம். 4,000 முதல் 6,000 மீற்றர் ஆழத்துச் சேற்றில் கிடப்பவை; நிக்கலும் செப்பும் கூடுதலாக அடியிலுள்ள சேற்றுநீரிலிருந்து வருகின்றன.

எடுப்பதற்கு உருண்டைகளே இலகு, பொறுக்கினால் போதும். சல்பைட் ஒரே இடத்தில் குவிந்திருக்கும், ஆனால் அதற்கு முகடு வேண்டும். இலங்கைக்குக் கிட்டவாக அப்படியொன்று இல்லை. மிஞ்சுவது மேலோடு. கோபால்ட் செறிவில் அதுதான் முன்னணி, பிரித்தெடுப்பதிலோ கடைசி. பாறையோடு சேர்த்துச் சுரண்டினால் செறிவு சடாரென இறங்கிவிடும். 2020இல் ஜப்பான் சோதனையாக எடுத்ததே 649 கிலோதான். கொழும்பில் எல்லைக்கோட்டைப் பற்றி நடக்கும் வாதத்தில் பாதியாவது அந்த ஓட்டின் தடிப்பைப் பற்றி நடக்கலாம்.