ஏழு நிமிடத்தில் பிரைவசி பாலிசி: ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்

ஸ்ரீரங்கத்தில் குழந்தைகளுக்கான வாடகை நூலகம் நடத்துகிறேன். மாதம் 200 ரூபாய், வாரம் மூன்று புத்தகம், ஸ்கூட்டரில் வீட்டுக்கே வரும். சேருவதற்கு இணையத்தில் ஒரு படிவம். இந்த ஜனவரியில் ஒரு அப்பா போன் செய்தார். “புக் குடுக்கிறதுக்கு எங்க பொண்ணோட பிறந்த தேதி எதுக்கு மேடம்? ஸ்கூல் பேர் எதுக்கு? உங்க பிரைவசி பாலிசி எங்க இருக்கு?” பிறந்தநாள் வாழ்த்து அனுப்பத்தான் என்று இழுத்தேன். மற்ற இரண்டு கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை.

அன்று ராத்திரியே, கேள்விகளுக்கு டிக் அடித்தால் பாலிசி, அதாவது என்ன தகவல் வாங்குகிறோம், அதை என்ன செய்கிறோம் என்ற அறிவிப்பு, எழுதித்தரும் ஒரு தளத்தில் 1,800 ரூபாய் கட்டினேன். முகப்பிலேயே ‘250 கோடி அபராதம்! இன்றே தயாராகுங்கள்’ என்று சிவப்பு எழுத்து. அந்த 250 கோடி, 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், சேர்த்த தகவலைப் பாதுகாக்கத் தவறினால் விதிக்கக்கூடிய உச்சவரம்பு. அதற்கான விதிகள் வந்ததே 2025 நவம்பரில்தான், பெரும்பாலான கடமைகளுக்கு 18 மாத அவகாசமும் உண்டு. இதெல்லாம் பணம் கட்டிய பிறகு தெரிந்துகொண்டது.

பத்து நிமிடம் என்றார்கள், ஏழிலேயே வந்துவிட்டது. பதினொரு பக்கம். நல்லதையும் சொல்ல வேண்டும். பணம் கட்டும் இடத்தில் பேமென்ட் கேட்வே (இணையத்தில் பணத்தை வாங்கித்தரும் நிறுவனம்) தனியாகத் தகவல் வைத்திருக்கும், தளத்துக்கு வருகிறவர்களின் ஐ.பி. முகவரி (அவர்களுடைய இணைய இணைப்பின் எண்) சர்வரில் பதிவாகும் என்பதெல்லாம் எனக்குத் தோன்றியே இருக்காது. அந்த இரண்டு பத்திகளுக்குத்தான் இரண்டு நட்சத்திரம்.

ஆறாம் பக்கத்தில் தூக்கிவாரிப்போட்டது. ‘13 வயதுக்கு உட்பட்டவர்களின் தகவலை நாங்கள் தெரிந்தே சேகரிப்பதில்லை.’ என் உறுப்பினர்களில் மூத்தவனுக்கே 14 வயது! அந்த 13 அமெரிக்கக் கணக்கு, 1998-இல் அங்கே போட்ட சட்டத்திலிருந்து வருவது. நம்முடைய 2023 சட்டத்தில் 18 நிறையாத எல்லோரும் குழந்தைகள். பெற்றோரின் சம்மதம் வேண்டும், அதுவும் சரிபார்க்கக்கூடிய சம்மதம். பிள்ளைகளைக் குறிவைத்து விளம்பரம் காட்டக் கூடாது. படிக்காமல் ஒட்டியிருந்தால் என் தளத்தில் நானே பச்சைப் பொய் எழுதியிருப்பேன். போதாக்குறைக்கு, கலிஃபோர்னியாவாசிகளின் உரிமைகள் பற்றி ஒன்றரைப் பக்கம். என் ஸ்கூட்டர் கொள்ளிடம் பாலத்தைத் தாண்டினாலே பெரிது.

தமிழ் வடிவத்துக்குத் தனியாக 600 ரூபாய். சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்க வழி செய்ய வேண்டும் என்கிறது சட்டம், அதனால் அதையும் வாங்கினேன். உங்கள் தகவலை ‘மூன்றாவது விருந்துகளுடன்’ பகிர்வோம் என்று வந்தது. வெளியாட்களைக் குறிக்கும் ‘தேர்ட் பார்ட்டி’யைத்தான் அப்படி மொழிபெயர்த்திருக்கிறார்கள். முதல் இரண்டு விருந்தும் எங்கே நடந்தன என்று வீட்டுக்காரர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அப்புறம் பக்கத்துத் தெருவில் ஒரு இளம் வக்கீலிடம் போனேன். நான் நீட்டிய பதினொரு பக்கத்தை அவள் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. “அக்கா, என்னென்ன வாங்குறீங்க, அதெல்லாம் எங்கெங்க கெடக்குது? அத மொதல்ல எழுதுங்க” என்றாள். இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து எழுதினோம். கூகுள் ஷீட், வாட்ஸ்அப் குரூப், டெலிவரி தம்பியின் போன், கவுண்டரில் வருகிறவர் போகிறவரெல்லாம் புரட்டும் லாங் சைஸ் நோட்டு. அந்த நோட்டு மட்டும், காகிதத்தில் இருப்பதால், சட்டத்துக்குள் வராதாம், ஆனால் அதை ஷீட்டில் ஏற்றிய நிமிடமே வந்துவிடுகிறது. ஷீட்டைக் கீழே தள்ளத் தள்ள, 2019-இல் சேர்ந்து அடுத்த வருடமே நின்றுபோன பிள்ளைகள், வீட்டு நம்பரோடு, பிறந்த தேதியோடு. அதில் ஒருத்தி இப்போது காலேஜ் போகிறாள். ‘குட்டி வாசகருக்கு வாழ்த்துகள்’ என்று போன மாதம் கூட அவளுக்கு மெசேஜ் போயிருக்கிறது.

பிறந்த தேதிக் கட்டத்தை எடுத்துவிட்டு வயதுப் பிரிவு மட்டும் வைத்தோம். ஸ்கூல் பெயர் போயே போய்விட்டது. கடைசியில் பாலிசி தமிழில் ஒன்றரைப் பக்கம். ‘உங்கள் முகவரியும் போன் நம்பரும் புத்தகம் கொண்டுவருபவரின் போனில் இருக்கும். நீங்கள் விலகிய 30 நாளில் அங்கிருந்தும் எங்கள் ஷீட்டிலிருந்தும் அழித்துவிடுவோம்’ என்பது போன்ற வாக்கியங்கள். புகார் வந்தால் யாரிடம் பேசுவது என்ற இடத்தில் என் பெயரும் நூலக நம்பரும். வக்கீல் வாங்கியது 2,500.

முதலில் சொன்ன தளத்தில் என் கணக்கை நீக்கச் சொல்லி எழுதி மூன்று வாரம் ஆகிறது. பதில் இல்லை. யாருக்கு எழுதுவது என்று அவர்களுடைய சொந்த பாலிசியில் தேடினேன். அந்த இடத்தில் அடைப்புக்குறிக்குள் ‘நிறுவனத்தின் மின்னஞ்சலை இங்கே இடவும்’ என்று இருக்கிறது.