மானியக் கடனில் ஒரு மெஸ்: நான்கரை ஆண்டுக் கணக்கு

2019 இறுதியில் ஒட்டன்சத்திரத்துக்கு வெளியே, ஊராட்சி எல்லைக்குள் ஒரு மெஸ் திறந்தேன். காய்கறிச் சந்தைக்கு வந்துபோகும் லாரிக்காரர்களை நம்பிய கடை. முதலீடு, பி.எம்.இ.ஜி.பி. எனப்படும் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டக் கடன். திட்ட மதிப்பு 8 லட்சம். பெண் என்பதால் என் பங்கு 5 சதவீதம், 40,000 ரூபாய். மீதி 7,60,000 வங்கி தந்தது. மானியம் 35 சதவீதம், 2,80,000. நகராட்சிக்குள் கடை பிடித்திருந்தால் 25 சதவீதம்தான். அதற்காகவே ஊருக்கு வெளியே போனேன், வாடகையும் குறைவு.

மானியம் என்றதும் கையில் வரும் பணம் என்றே வீட்டில் நினைத்தோம். என் கொழுந்தனார் அதில் ஒரு பைக் வரைக்கும் கணக்குப் போட்டுவிட்டார். உண்மையில் அந்தத் தொகை வங்கியிலேயே மூன்று ஆண்டு வைப்பில் கிடக்கும். அதற்கு நமக்கு வட்டி கிடையாது. அதே அளவு கடனுக்கு வங்கியும் நம்மிடம் வட்டி வாங்காது. மூன்று ஆண்டு கழித்து, கடை நடக்கிறதா என்று நேரில் பார்த்த பிறகே கடனில் கழிப்பார்கள்.

விண்ணப்பம் இணையத்தில் எளிது. மாவட்டத் தொழில் மையத்தில் நேர்காணலும் சுமுகமாக முடிந்தது. இழுத்தடித்தது வங்கிக் கிளைதான். 10 லட்சம் வரை சிறுதொழில் கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக்கூடாது என்பது அப்போதைய ரிசர்வ் வங்கி விதி. ஆனாலும் மேலாளர் வீட்டுப் பத்திரத்தைக் கேட்டார். மறுப்பை எழுத்தில் தாருங்கள் என்றேன். அடுத்த வாரம் பத்திரப் பேச்சே எழவில்லை.

கிரைண்டர், அடுப்பு, ஃப்ரீசர், மேசைகளுக்கான பணம் கொட்டேஷன் கொடுத்த கடைகளுக்கே நேராகப் போனது. அன்றாடச் செலவுக்கான நடைமுறை மூலதனமாக, ஒன்றரை லட்சம் வரம்பு வரை எடுத்துக் கட்டும் கடன் தனிக் கணக்கில் இருந்தது. வட்டிக்குப் பயந்து அதைத் தொடாமல், அரிசியும் காய்கறியும் கடன் சொல்லி வாங்கினேன். சிக்கனம் என்று நினைத்தது வினையாயிற்று. அந்த மூன்று ஆண்டுக்குள் வரம்பை ஒருமுறையாவது முழுதாக எடுத்திருக்க வேண்டும், பயன்பாடு 75 சதவீதத்துக்குக் குறையவும் கூடாது என்பது விதி. தவறினால் அதற்குரிய மானியம் போய்விடும். இதை எனக்குச் சொன்னது அதிகாரி அல்ல. பக்கத்து மாவு மில்காரர். 2021இல் அவசரமாக அந்தக் கணக்கைச் சுழற்றத் தொடங்கினேன்.

இன்னொரு தலைவலி சாப்பாட்டுப் பட்டியல். திட்டத்தில் கடன் கிடைக்காத தொழில்களின் அப்போதைய விலக்குப் பட்டியலில் இறைச்சி உணவு பரிமாறும் தொழிலும் இருந்தது. குடல் குழம்பு கேட்ட ஓட்டுநர்களுக்கு ரசம் ஊற்றி அனுப்பினேன். பிறகு உணவகங்களுக்கு அந்தத் தடை தளர்ந்தது.

திறந்த நாலாம் மாதம் ஊரடங்கு. ரிசர்வ் வங்கி அறிவித்த தவணை ஒத்திவைப்பை 2020 ஆகஸ்ட் வரை எடுத்துக்கொண்டேன். அந்த மாதங்களின் வட்டி அசலில் ஏறியது. கைகொடுத்தது அரசு உத்தரவாதத்துடன் வந்த அவசரக் கடன். பிப்ரவரி 29 அன்றைய பாக்கியில் 20 சதவீதம். எனக்கு 1,20,000 கிடைத்தது. பிணை இல்லை, முதல் ஓராண்டு வட்டி மட்டும். அதில்தான் பார்சல் கட்டி இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுத்தேன். நாள் வட்டிக்காரரிடம் போயிருந்தால் கல்லாப் பெட்டியே அவருடையதாகியிருக்கும்.

2023இல் மூன்று ஆண்டு முடிந்தும் நேரில் பார்க்க யாரும் வரவில்லை. நானாக மூன்று கடிதம் எழுதிய பிறகு வந்து பெயர்ப்பலகையைப் படமெடுத்துப் போனார்கள். 2024 தொடக்கத்தில் மானியம் கழிந்து, மாதம் 13,000 சொச்சம் கட்டிவந்த தவணையும் நின்றது.

முதல் கடனை முடித்தவர்களுக்கு அதே திட்டத்தில் விரிவாக்கக் கடன் உண்டு; மானியம் 15 சதவீதம். கணவர் விண்ணப்பிக்கச் சொல்கிறார். இப்போதைக்கு எனக்குத் தேவை இன்னொரு கிரைண்டர் மட்டும்தான். போன மாதம் ரொக்கத்திலேயே வாங்கிவிட்டேன்.