டிக்கி ரிப்பேர் என்று 38,500 ரூபாய் போச்சு: குமரி மாவட்டத்தில் பழைய கார் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்

மார்த்தாண்டம், தக்கலை பக்கம் பழைய கார் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். நேற்றுதான் எனக்கு உண்மை தெரிந்தது. ராத்திரி தூக்கமே இல்லை. போனது 38,500 ரூபாய்.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய எஸ்யூவி. பட்டனை அழுத்தினால் டிக்கி தானாகத் திறந்து மூடும். அம்மாவின் வீல்சேரை ஏற்றி இறக்க வேண்டும் என்றே கூடக் காசு கொடுத்து அந்த மாடலை எடுத்தேன். ஒரு மழைக்குப் பிறகு மக்கர் செய்ய ஆரம்பித்தது. பீப் பீப் என்று சத்தம் வரும், ஒரு சாண் தூக்கும், நின்றுவிடும். மறுநாள் ஒன்றுமே நடக்காதது போலத் திறக்கும்.

மெயின் ரோட்டோரம் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். பெயரை எழுதவில்லை. முதலாளி கோளாறு பார்க்கும் ஸ்கேனரை வண்டியில் மாட்டி, திரையில் வந்த எழுத்தைக் காட்டினார். "மோட்டாரும் மாட்யூலும் போச்சு தம்பி." மாட்யூல் என்றால் அந்த மோட்டாரை இயக்கும் எலக்ட்ரானிக் பெட்டி. நான் யோசித்துக்கொண்டு நிற்கும்போதே, வண்டிக்குள் இருந்த அம்மாவிடம் அவரே போய்க் கண்ணாடி பக்கம் குனிந்து, "சாயா குடிக்கிறீங்களாம்மா?" என்று கேட்டு, டம்ளரைத் துடைத்துக் கையில் கொடுத்தார். அங்கேதான் விழுந்தேன். பேரம்கூடப் பேசாமல் 38,500 ரூபாயை அங்கேயே அனுப்பினேன்.

நாலு நாள் கழித்து வண்டி வந்தது. பில் கேட்டால் "அப்புறம் தாரேன்." கழற்றிய பழைய மோட்டாரைக் கேட்டால் "ஆக்கர்காரன் எடுத்துட்டுப் போயிட்டான்." பழைய இரும்பு வாங்குகிறவனைத்தான் சொல்கிறார்.

அடுத்த மழையில், ஆஸ்பத்திரி வாசலில், அதே பீப். அம்மா வண்டிக்குள், வீல்சேர் டிக்கிக்குள். அரை மணி நேரம் நனைந்துகொண்டு போராடினேன்.

ஃபோன் போட்டால் "மொதலாளி குளச்சலுக்குப் போயிருக்காரு." நேரில் போனால் "திங்கக்கிழமை வாங்க." திங்கட்கிழமை போனால் "பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும், புதுசு வாங்க வேண்டியதுதானே?" அம்மாவுக்குச் சாயா கொடுத்த அதே ஆள், என் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னார்.

நேற்று தக்கலையில் வயரிங் வேலை பார்க்கும் ஒரு அண்ணனிடம் காட்டினேன். டிக்கியும் கூரையும் சேரும் இடத்தில் விரல் தடிமனில் ஒரு ரப்பர் குழாய் இருக்கிறது. அதை இழுத்துக் காட்டினார். உள்ளே இரண்டு வயர் அறுந்து, செம்பு பச்சை பூத்துக் கிடந்தது. டிக்கிக் கதவு திறந்து மூடும்போதெல்லாம் வயர் மடங்கி மடங்கி முறியுமாம். அறுந்த முனைகள் தொட்டுக்கொண்டால் வேலை செய்யும், விலகினால் நிற்கும். புது வயர் போட்டு ஒட்டினார். 700 ரூபாய், முக்கால் மணி நேரம். மோட்டார் போல்ட்டைக் காட்டினார்: கம்பெனியில் வைத்த பெயின்ட் குறி கலையவே இல்லை. அதை யாருமே கழற்றவில்லை! 38,500 ரூபாய் எதற்கு வாங்கினார்கள்?

டிப்ஸ் விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மனசு ஓடவில்லை. முதலில் பேட்டரியைப் பாருங்கள், சார்ஜ் குறைந்தாலும் டிக்கி பாதியில் நிற்கும். அப்புறம் ஃபியூஸ், அந்த ரப்பர் குழாய். ஸ்கேனர் காட்டுவது எந்தப் பகுதியில் கோளாறு என்பதைத்தான், பாகம் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. பழைய பாகத்தைக் கையில் வாங்காமல் காசு கொடுக்காதீர்கள். பில் கட்டாயம்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லிவிட்டேன். அடுத்து நாகர்கோவில் நுகர்வோர் ஆணையம்தான். இதை எழுதும்போதும் அந்த முதலாளிக்கு ஒரு முறை ஃபோன் அடித்துப் பார்த்தேன். முழு ரிங் போகிறது, எடுக்கவில்லை.